வழிநடையும் விளையாட்டும்

நெடுந்தொலைவு நடப்போர்க்கு மூட்டையே முதற்கவலை. புறப்படும்போது இறகாய்த் தோன்றிய பொருள், இரண்டு மணி நேரம் நடந்தபின் இரும்பாய்க் கனக்கும். மாற்றுடை, போர்வை, தண்ணீர், கட்டுச்சோறு, மருந்து ஆகியவற்றை வைத்த பின்னர் மூட்டையில் எஞ்சும் இடம் சிறிதே. அதில் விளையாட்டுப் பொருளுக்கும் பங்கு உண்டோ எனப் பெரியோர் ஐயுறுவர். பெரியவர் மட்டும் செல்லும் பயணமாயின் அந்த ஐயம் பொருத்தமே. சிறுவரை உடன் அழைத்துச் செல்லும்போதோ, விளையாட்டு மருந்துக்கு அடுத்த இடத்தைப் பெறத் தக்கது.

தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் குடும்பங்களைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து புறப்படுவோர் பல நாள் நடக்கின்றனர். வெயிலுக்கு முன் ஒரு நடை, வெயில் தணிந்தபின் ஒரு நடை, இடையே தோப்பிலோ மண்டபத்திலோ தங்கல் என வகுத்துக்கொள்வர். சிறுவரால் இடர் நேர்வது பெரும்பாலும் நடக்கும்போது அன்று, தங்கும்போதே. பெரியவர் கண் அயரும் நண்பகலில் சிறுவர்க்கு உறக்கம் வாராது. ஓடுவர், மரமேறுவர், ஒருவரையொருவர் துரத்துவர். மாலையில் கூட்டம் எழும்போது அவர்தம் கால்கள் ஓய்ந்துபோயிருக்கும். பிறகு யாரேனும் ஒருவர் தோளில் ஏறியே அவர்கள் எஞ்சிய வழியைக் கடக்க வேண்டும். ஆதலின், நடைவழிக்கு ஏற்ற விளையாட்டு சிறுவரை ஓரிடத்தில் அமர்த்திக் காலுக்கு ஓய்வளிப்பதாக இருத்தல் வேண்டும்.

இத்தகைய பயணத்திற்கு ஆயத்தமான ஒரு குடும்பத்தில், பத்து வயதுப் பேரன் கேரம் பலகையைக் கொணர்ந்து மூட்டையருகே சாய்த்து வைத்தான்.

"பாட்டி, இதனை நானே சுமந்து வருவேன்" என்றான்.

"நீ அதைச் சுமப்பாய், ஐயா, உன்னைச் சுமப்பவர் யார்?" என்றாள் பாட்டி.

அப்பலகையின் ஆடுதளம் மட்டுமே பக்கத்திற்கு 74 சென்டிமீட்டர் அளவுடையது. அதனை முதுகில் கட்டிக்கொண்டால் எதிர்க்காற்றே சிறுவனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அவன் தங்கை சீட்டுக்கட்டை நீட்டினாள். சீட்டுக்கட்டு சிறியதுதான், ஆயினும் திறந்த வெளியில் காற்று அதனை ஆடவிடாது, பனியில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தந்தை சதுரங்கத்தை நினைவூட்டினார். புல்லில் ஒரு குதிரை தொலைந்தால் அன்றோடு சதுரங்கம் முடிந்தது. ஒன்று தொலைந்தாலும் ஆட்டம் நில்லாத பொருள் யாது? பாட்டி தன் சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே இருந்தவை புளியங்கொட்டைகளும் ஒரு சுண்ணக்கட்டித் துண்டுமே.

அப்பையில் பல ஆட்டங்கள் அடங்கியிருந்தன. மணலில் இரு வரிசையாய் 14 குழி தோண்டி, குழிக்கு ஐந்தாக 70 கொட்டை இட்டால் பல்லாங்குழி ஆயத்தம். கனத்த மரப்பலகை வேண்டுவதில்லை. நான்கு கொட்டைகளை ஒருபுறம் மட்டும் கல்லில் தேய்த்து வெண்மையாக்கினால் தாயம் ஆடலாம். வெண்புறம் ஒன்று மட்டும் மேலே விழுந்தால் அதுவே தாயம். அது விழுந்த பின்னரே காய் கட்டத்துள் நுழையும். அறிவினும் விழும் காயே வெற்றியைத் தீர்மானிப்பதால், ஆறு வயதுச் சிறுமியும் தன் தந்தையை வெல்ல இயலும். தோற்றுத் தோற்று அழும் குழந்தை உள்ள குடும்பத்திற்கு இது பெரிய உதவி அன்றோ? ஐந்தாங்கல்லுக்கோ கொட்டையும் வேண்டா, கூழாங்கற்களே போதும். சங்க நூல்களில் கழங்கு எனக் கூறப்படும் ஆட்டம் இவ்வகையினதே.

எனினும் நண்பகல் தங்கலுக்கு மிக ஏற்றது ஆடுபுலி ஆட்டமே. உச்சியிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகளையும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளையும் தரையில் வரைந்தால் 23 சந்திகள் அமையும். மூன்று கற்கள் புலிகள். 15 கொட்டைகள் ஆடுகள். ஆடுகள் ஒவ்வொன்றாய்க் களத்தில் இறங்கும். எல்லாம் இறங்கும்வரை இறங்கிய ஆடு இடம் பெயரலாகாது. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் உள்ள வெற்றிடத்திற் குதித்துப் புலி அதனை வெட்டும். ஆடுகள் நெருங்கி நின்று மூன்று புலிகளையும் அசையவொட்டாது அடைத்துவிட்டால் வெற்றி அவற்றிற்கே. புதிதாய்க் கற்பவர்க்குப் புலியே எளிது. காக்க வேண்டியவை மூன்றே. ஆட்டை ஆள்வதற்குப் பொறுமை வேண்டும். முதல் ஆட்டத்தில் பேரன் புலி பிடித்து ஏழு ஆடுகளை வெட்டினான். இரண்டாம் ஆட்டத்தில் பாட்டி அவனிடம் ஆடுகளைத் தந்தாள். அதன்பின் அவன் ஓடவில்லை. ஒரு மணி நேரம் தலை நிமிரவுமில்லை. பழைய மண்டபங்களின் கல்தரையில் இக்கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பல ஊர்களிற் காணலாம். வழிநடையாய் வந்து தங்கியவர்களும் அவற்றில் ஆடியிருத்தல் கூடும்.

மாலை நடைக்கு வேறு வகை வேண்டும். கையும் கண்ணும் வழிக்கு உரியன, வாய் மட்டுமே ஓய்வாக இருக்கும். ஒருவர் கூறிய சொல்லின் இறுதி எழுத்தால் மற்றவர் அடுத்த சொல்லைத் தொடங்குவது எளிய ஆட்டம். தமிழில் இதற்கு ஒரு தடை உண்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. மெய்யெழுத்தும் சொல்லுக்கு முதலாகாது. 'மலை' என ஒருவர் கூறினால் அடுத்தவர் திகைத்து நிற்பார். எனவே இறுதி எழுத்து உதவாதபோது அதற்கு முந்தைய எழுத்திற்குச் செல்லலாம் என முன்னரே உடன்படல் வேண்டும். உடன்படாவிடின் வழி நெடுகிலும் வழக்கே நடக்கும். அந்தக் குடும்பம் அதனை முதல் மாலையிலேயே அறிந்துகொண்டது. அண்ணனும் தங்கையும் 'மலை'யைப் பற்றி வாதிட்டுக்கொண்டே ஓர் ஊரைக் கடந்துவிட்டனர். ஆயினும் அவ்வளவு தொலைவும் எவரும் கால் வலியைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் நண்பகலில் கூட்டம் நிழல் தேடி நிற்குமுன்னரே, வழியில் பொறுக்கிய மூன்று கூழாங்கற்கள் பேரன் கையில் இருந்தன.