சுவரும் டிவியும்: தேர்தல் விளம்பர விதிகள்

கேள்வி: கேட்காமலேயே எங்கள் வீட்டுச் சுவரில் கட்சி போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். யார் அச்சடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லண்டனில் டிவியில் கட்சி விளம்பரமே கிடையாது என்கிறான் தம்பி. உண்மையா?
– வாசகர், நல்லூர், விருத்தாசலம்

பதில்: தேர்தல் போஸ்டரில் தலைவர் படத்தை விட்டுவிட்டு அடி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் பொடி எழுத்தில் அங்கே இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. அச்சகம் ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பியாக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தனியார் சுவருக்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவை. தேர்தல் காலத்தில் போஸ்டரைப் படம் எடுத்து தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 1950 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

தம்பி சொல்வது உண்மை. பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் டிவி, ரேடியோ இரண்டிலும் கட்டண அரசியல் விளம்பரத்தைத் தடை செய்கிறது. கட்சிகளுக்கு இலவச ஒளிபரப்பு நேரம் மட்டும் உண்டு. போஸ்டர், இணைய விளம்பரங்களுக்குத் தடை இல்லை. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் கிடைக்கும். கட்டண விளம்பரமும் செய்யலாம். ஆனால் 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, டிவியில் வருவதற்கு முன்பே அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும்.

போஸ்டரைக் கிழிப்பதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. புகாருக்கு அதுதான் ஆதாரம்.