காய்ந்த புதினாவும் காமா கதிரும்

அன்புள்ள கயலுக்கு,

சித்தி எழுதுவது. காய்ந்த புதினா பாக்கெட்டில் பச்சை வட்டத்துக்குள் செடி போட்ட முத்திரையைப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சு பட்ட இலையில் சத்து மிஞ்சுமா என்று கேட்டிருந்தாய். மிஞ்சும். ஆனால் எல்லாச் சத்தும் ஒரே மாதிரி மிஞ்சாது.

நவி மும்பையின் வாஷியில் 2000ஆம் ஆண்டிலிருந்து மசாலாப் பொருள்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஆலை இயங்குகிறது. ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் கோபால்ட்-60 கம்பிகளை மேலே தூக்குவார்கள். மூடிய பெட்டிகள் அவற்றைச் சுற்றி நகர்ந்து போகும். காமா கதிர் பெட்டியைத் துளைத்துப் போய்க் கிருமிகளின் டிஎன்ஏவை அறுத்துவிடும். இலை கதிரியக்கப் பொருளாகிவிடாது. அதற்கு இந்தக் கதிரின் ஆற்றல் போதாது. மசாலாவிலும் காய்ந்த மூலிகையிலும் கிருமி நீக்க நம் நாட்டு விதி அனுமதிப்பது 6 முதல் 14 கிலோகிரே. 10 கிலோகிரே என்றால் ஒரு கிலோவுக்கு 10,000 ஜூல். அதைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை இரண்டரை டிகிரிகூடச் சூடாக்க முடியாது. நீராவியில் கிருமி நீக்கும்போது பறந்துபோகிற வாசனை எண்ணெய் இதில் பெரும்பாலும் தங்கிவிடுவது அதனால்தான்.

சேதம் வேறு வழியில் வருகிறது. கதிர் தண்ணீர் மூலக்கூறை உடைக்கும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பிறந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும். அவற்றை மறித்து நின்று தானே செலவாகிப் போவது ஆன்டிஆக்சிடன்ட். காய்ந்த இலையில் ஈரம் மிகக் குறைவு என்பதால் இந்தச் செலவும் குறைவு.

குறைவுதான், இல்லாமல் இல்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் துளசி வகை, பார்ஸ்லி, ரோஸ்மேரி, மிளகு உட்பட 9 பொருள்களுக்கு 10 கிலோகிரே கொடுத்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றில் வைட்டமின் சியும் கரோட்டினாய்டும் கணிசமாகக் குறைந்திருந்தன. நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அதே அளவு பட்ட மஞ்சளிலோ நிறம் குன்றவில்லை. புதினாவிலும் கற்பூரவல்லியிலும் இருக்கும் ரோஸ்மரினிக் அமிலம் போன்ற பீனால் வகைகளும் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். சில ஆய்வுகளில் பீனால் அளவு கூடியதாகவே வந்திருக்கிறது. புதிதாக உண்டாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. செல்சுவர் தளர்ந்ததால் சாற்றில் எளிதாக இறங்கியிருக்கலாம்.

கல்லூரிக்குப் போனதும், ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையை நீயே செய்து பார்ப்பாய். கரும் ஊதாக் கரைசலில் இலைச் சாற்றை விட்டால் ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஆனாலும் இதை மட்டும் காட்டி "ஒரு சத்தும் போகவில்லை" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. பீனால் நிறைய இருக்கிற இலையில் அதுவே கரைசலை வெளுக்க வைத்துவிடும். வைட்டமின் சி போனது தெரியாது.

அந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன். வைட்டமின் சிக்காக யாரும் புதினாப் பொடி சாப்பிடுவதில்லை, நெல்லிக்காய் இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயுவை ஏற்றிக் கிருமி நீக்குவதைவிட இது எவ்வளவோ மேல். 2020இல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் அந்த வாயுவின் எச்சம் பிடிபட்டு, எள் சேர்ந்த பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

என் கவலை வேறு இடத்தில். கதிர் பூஞ்சையைக் கொல்லும். பூஞ்சை ஏற்கெனவே விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நஞ்சை இந்த அளவில் அழிக்காது. சரியாகக் காயாமல் மூட்டையில் பூத்துப்போன சரக்கை எந்த ஆலைக்கு அனுப்பியும் பயனில்லை. உங்கள் திருப்பனந்தாளில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் துணி காயவே இரண்டு நாள் ஆகும். அதனால் கொல்லைக் கறிவேப்பிலையைப் பொடிக்கு உலர்த்துவதானால் சித்திரை, வைகாசியிலேயே உலர்த்திவிடச் சொல். நேர் வெயில் வேண்டாம், கரோட்டினாய்டு வெளுத்துவிடும். தாழ்வாரத்து நிழலில் மெல்லிசாகப் பரப்பி, கையில் எடுத்தால் சரசரவென்று நொறுங்கும் வரை விடுங்கள். மழை நாளில் பொடி தேவைப்பட்டால் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டி எடுத்து, ஆறிய பிறகு அரைத்து, இறுக்க மூடிய பாட்டிலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வருகிற அளவு அரைக்க வேண்டாம் என்று அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
சித்தி