தேன்வகைப் பெயர்கள்: மலைபடுகடாம் முதல் இன்றைய வழக்கு வரை

முன்னுரை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் முன்பாக மேற்கு நோக்கிச் செல்லும் சாலை செங்கம் சாலையாகும். அது சென்றடையும் செங்கமே, மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னன் சேய் நன்னன் ஆண்ட செங்கண்மா. இச்சாலையோரக் கடைகளில் பல நிலத்துத் தேன்களும் ‘தூய தேன்’ என்னும் ஒரே பெயரால் விற்கப்படுகின்றன. ஆனால், தமிழ் வழக்கு தேனைப் பல பெயரிட்டுப் பகுத்துள்ளது. அப்பகுப்பு வெறும் சொல்வளமா, உற்றுநோக்கிப் பெற்ற அறிவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்று

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. நன்னனின் மலைவளத்தை உரைக்குமிடத்து, குரங்கும் ஏற இயலாத செங்குத்து வரைகளில் குறவர் ‘மால்பு’ வழியே ஏறித் தேன் கொள்வதை அது குறிப்பிடுகிறது. மால்பு என்பது மூங்கிலால் அமைந்த கண்ணேணி. குறுந்தொகை 273ஆம் பாடல், பெருந்தேன் தங்கிய வரையில் பழைய மால்பின் நிலையறியாது ஏறியவனை உவமையாக்குகிறது. மால்பு பழமையுறும் அளவிற்கு ஒரே வரையில் விட்டுவைக்கப்பட்டது என்பது இதனால் பெறப்படும். மலைத்தேனீக் கூட்டங்கள் பருவந்தோறும் இடம்பெயர்ந்து, பெரும்பாலும் முன்பு கூடு கட்டிய அதே வரைக்கே மீளும் இயல்பின. ஆகவே மால்பை நிலையாக விட்டுவைத்தது அவ்வியல்பை அறிந்த செயலாகலாம். புறநானூறு 109ஆம் பாடலில் கபிலர், பறம்பில் உழவரால் உழப்படாத நான்கு பயன்களுள் ஒன்றாகத் தேனை வைத்ததும் இங்குக் கருதத்தக்கது.

பெயரும் தேனீ இனமும்

சித்த மருத்துவ மரபு, தேனைக் கூடு அமைந்த இடத்தால் மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் எனப் பகுக்கிறது. இடத்தால் அமைந்த இப்பெயர்கள் பெரிதும் இனத்தையும் உணர்த்துகின்றன. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்த ஒற்றை அடையைத் தொங்கவிடுவது ஏபிஸ் டார்சேட்டா; அதன் தேனே மலைத்தேன். புதர்க் கொம்பைச் சுற்றிச் சிற்றடை கட்டுவது ஏபிஸ் புளோரியா. அதன் தேன் கொம்புத்தேன். பொந்தின் இருளில் பல அடைகளை இணையாகக் கட்டுவது ஏபிஸ் செரானா. பொந்தில் வாழும் இவ்வியல்பே அதனைப் பெட்டியில் வளர்க்க இடந்தந்தது. 1911 முதல் 1917 வரையான காலத்தில் உருவான நியூட்டன் பெட்டி இதற்கென அமைந்ததே. சுவர்ப்பிளவிலும் மரப்பொந்திலும் வாழும் கொட்டாத சிறு தேனீயாகிய டெட்ராகோனுலா தருவது கொசுத்தேன். அது புளிப்பும் நீர்மையும் மிக்கது.

பயன்பாடும் தர அளவும்

சித்த மருத்துவத்தில் தேன் உணவு மட்டுமன்று; சூரணங்களைக் குழைத்து உண்பதற்குரிய அனுபானமும் ஆகும். வகைக்கேற்பக் குணமும் வேறுபடும் என்பது அம்மரபின் கொள்கை. இன்றைய உணவுத் தர விதியோ தேனின் ஈரப்பதத்திற்கு 20 விழுக்காடு என்னும் உச்ச அளவை வகுக்கிறது. அடைத்தேனுக்குப் பொருந்தும் இவ்வளவு, இயல்பிலேயே நீர் மிகுந்த கொசுத்தேனுக்குப் பொருந்துவதில்லை. கலப்படமற்ற கொசுத்தேனும் தரமற்றதாகக் கருதப்பட இதனால் இடமுண்டு. வகைப்பெயர் மறையும்போது பொருளை அளக்கும் முறையும் பிழைபடுகிறது.

முடிவுரை

தமிழின் தேன்வகைப் பெயர்கள் தேனீயின் வாழிடம், அடையின் அமைப்பு, தேனின் தன்மை ஆகியவற்றை ஒருங்கே சுட்டும் அறிவுத்தொகுப்பு ஆகும். செங்கத்திற்கு வடக்கே உள்ள சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தேனெடுக்கும் மலைவாழ் மக்களின் தொழிற்சொற்களை அகராதியியல் நோக்கில் தொகுப்பது உடனடித் தேவை. சிமிழின் மேல் ‘தேன்’ என்று மட்டும் எழுதாது அதன் வகையையும் எழுதுவது, நுகர்வோர்க்கும் தேனெடுப்போர்க்கும் ஒருசேரப் பயன்தரும்.