தட்டைப் புழுவும் அதன் பெயரும்

தமிழ் பயிலும் மாணவர் புழுவைப்பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நகைப்பாரும் உளர். அதற்குக் காரணமாய் அமைந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுதல் நலம். சென்ற மாரிக்காலத்தில், விலங்குநூல் பயிலும் நண்பர் ஒருவர் குட்டைப் பாசியைப் பிழிந்தெடுத்த நீர்த்துளியை நுண்பெருக்கியின் கீழ் வைத்து எம்மை அழைத்தார். கண்ணாடியிற் செய்தாற்போன்ற சிற்றுயிர் ஒன்று ஆண்டு வழுக்கிச் சென்றது. இரு கரும்புள்ளிகள் அதன் கண்கள். பரந்த துடுப்பொன்று அதன் வால். அஃது உண்ட இரை குடலிற் புரள்வதும், உடலினுள்ளே முட்டை திரண்டு நிற்பதும் தெளிவாகத் தோன்றின. அதனைக் காத்துவைக்க விரும்பிய யாம், நண்பர் தடுக்குமுன் சாராயத்துளி ஒன்றை விட்டோம். அந்தோ! நொடிப்பொழுதில் அது சுருண்டு, தலை யாது, வால் யாது என்று தெரியாத வெண்துகள் ஆயிற்று. அதன் பெயர் யாதென வினவினோம். "இனி எவராலும் கூற இயலாது" என்றார் நண்பர்.

பெயர் கூற இயலாமை ஏன்? வண்டை ஊசியிற் குத்தி வைக்கலாம். சங்கைப் பேழையில் இட்டு வைக்கலாம். நூறாண்டு கழித்து வருவோரும் எடுத்து ஒப்பிடலாம். தட்டைப் புழுவிற்கோ எலும்பில்லை, ஓடில்லை. குருதியோட்டமும் மூச்சுறுப்பும் இல்லாமையின், உயிர்வளி தோலின் வழியே ஊறியே உள்ளுறுப்புக்களை அடைதல் வேண்டும். அதனாலேயே உடல் தட்டையாகவோ மிகச் சிறியதாகவோ அமைந்தது. இறந்தவுடன் இதன் இலக்கணமெல்லாம் அழியும். ஆகவே இதனை உயிரோடு இருக்கும்போதே ஆராய்தல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஆறாக வகுத்தபோது கொண்ட அளவுகோல் அவற்றின் அறிவு என்பதை இங்கு நினைவுகூர்ந்தோம். நத்தைக்கு இரண்டறிவு, எறும்பிற்கு மூன்றறிவு என்று அவர் கூறியதும் உயிருள்ளதை நோக்கியே அன்றோ?

நாடாப் புழு முதலிய ஒட்டுண்ணிகளும் தட்டைப் புழுக்களே. அவற்றை மருத்துவர் நன்கு அறிவர். யாம் கூறுவன குளத்தினும் கடல்மணலினும் தாமே இரைதேடி வாழ்வன. இவற்றுட் பெரும்பாலானவை ஓரிரு மில்லிமீட்டருக்கு மேற்படா. தோலெங்கும் உள்ள நுண்மயிர்கள் அசைந்து நீரிற் சிறு சுழிகளை எழுப்புதல் கண்டு, ஜெர்மானிய அறிஞர் எரன்பர்க் 1831இல் இலத்தீன மொழியிற் கலக்கத்தைக் குறிக்கும் சொல்லினின்று 'டர்பெல்லேரியா' என்று இவற்றிற்குப் பெயரிட்டார். 1848இல் ஆஸ்கர் ஷ்மிட் என்பார் 'மேக்ரோஸ்டோமம்', அஃதாவது பெருவாயன், என்னும் பேரினத்தை வகுத்தார். 1882இல் லுட்விக் ஃபான் கிராஃப் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிப்படை இட்டது.

இவற்றின் வாழ்க்கையோ வியப்பு மிக்கது. ஸ்டெனோஸ்டோமம் என்பது பிரிவதற்கு முன்பே தன் உடலிற் புதிய தலைகளை அமைத்துக்கொண்டு, கோத்த மணிகள்போல் நீந்தும். மைக்ரோஸ்டோமம் ஹைட்ராவை உண்டு, அதன் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல் தன் தோலிற் படைக்கலமாகப் பதித்துக்கொள்ளும். பகைவனை உண்டதோடு அமையாது அவன் வில்லையும் பறித்துக்கொண்ட வீரர் நம் புறப்பாடல்களிலும் அரியர்!

இனி, ஆவணப்படுத்தும் முறை. கடல்மணலில் வாழ்வன வாலிலுள்ள பசைச் சுரப்பிகளால் மணலைப் பற்றிக்கொள்ளும். மெக்னீசியம் குளோரைடுக் கரைசலால் மயக்கிப் பிடிவிடச் செய்து அரித்தெடுப்பர். பின்னர்ப் புழுவைக் கண்ணாடித் தகட்டின்மீது வைத்து, மெல்லிய மூடுகண்ணாடியால் அளவறிந்து அழுத்துவர். அழுத்தம் மிகின் உடல் கிழியும். குறையின் உறுப்புத் தெளியாது. இப்புழுக்கள் ஆண் பெண் இருபாலும் ஓருடலிற் கொண்டவை. மேக்ரோஸ்டோமப் பேரினத்தில் ஆண்பாற் கூறாகிய கடிய கூர்ங்குழல் ஒன்றுண்டு. ஓரினத்தில் அது புனல் போலும், பிறிதோரினத்தில் வளைந்த ஊசி போலும் இருக்கும். ஒருவகை கண்டு பிறிதொருவகையினின்று பிரிப்பதற்கு அதுவே முதன்மையான சான்று. முன்னோர் அதனைக் கையால் வரைந்தனர். வரைந்தவர் கை தவறினால் பின்வந்தோர் அறியும் வழியில்லை. பழைய பெயர்கள் சில ஒற்றைக் கோட்டுப்படத்தையே ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன. இக்காலத்தில் நிழற்படமும் அசையும் படமும் எடுத்து, மரபணுத் துணுக்கினையும் உடன் வைக்கின்றனர். ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக்காஸ் ஷேரர் என்பார் இவ்வகைப் பதிவுகளைத் தொகுத்து, இணையவழி யாவரும் காண வைத்துள்ளார்.

பெயர்களைத் திரட்டுதல் மற்றொரு பெருந்தொழில். ஒரு புழுவிற்கு இருவர் இருவேறு பெயர் இட்டிருப்பர். இரு புழுக்கள் ஒரு பெயரில் மறைந்திருக்கும். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகத்து ஸெத் டைலரும் உடனாளரும் தொகுத்த பட்டியல், இட்டவர் யார், எவ்வாண்டில், பிற பெயர் யாவை என்று ஒவ்வொன்றிற்கும் வரலாறு கூறுகின்றது. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியர் உழைப்பிற்கு இது சிறிதும் தாழ்ந்ததன்று என்பது எம் கருத்து.

பெயரின்றியும் ஓருயிர் புகழ்பெறக் கூடும். இத்தாலியில் ஏட்ரியாடிக் கடற்கரையிலுள்ள லிக்னானோவிற் கிடைத்த புழுவொன்று, வெட்டுண்ட வாலை மீள வளர்க்கும் ஆற்றலால் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டது. அதன் உயிரணுக்களைப்பற்றிக் கட்டுரைகளும் வெளிவந்தன. ஆயினும், 2005இல் 'மேக்ரோஸ்டோமம் லிக்னானோ' என்று முறைப்படி விவரிக்கப்படும் வரையில், 'மேக்ரோஸ்டோமத்துள் ஓரினம்' என்றே அது சுட்டப்பட்டது.

வகுத்த வகுப்பும் நிலையாக நிற்பதில்லை. ஏகோயலா என்னும் குடற்குழியற்ற சிறு புழுக்களை நெடுங்காலம் தட்டைப் புழுக்களோடு சேர்த்தே எண்ணிவந்தனர். 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அவை வேறு கிளையைச் சார்ந்தவை என்று காட்டிற்று. நாடாப் புழு முதலிய ஒட்டுண்ணிகளோ, தாமே வாழும் தட்டைப் புழுக்களின் மரபினுள்ளிருந்தே தோன்றியவை எனத் தெளிந்தமையால், எரன்பர்க் இட்ட பெயர் இன்று வழக்கிற்கு உதவுமேயன்றி ஒரு தனிக் குலத்தைச் சுட்டாது.

கூர்ங்குழலும் ஏமாற்றும். ஊசி வடிவினது, துணையின் தோலைத் துளைத்து உடலினுள்ளே விந்தைச் செலுத்தும். ஹிஸ்ட்ரிக்ஸ் என்னும் இனம் தனித்து விடப்படின் தன் தலைப்பகுதியிலேயே குத்திக்கொண்டு கருவுறுகின்றது என 2015இல் அறிவித்தனர். ஊசியுடையன யாவும் ஒரு குடும்பம் என எண்ணுதல் இயல்பே. ஆயின் 2022இல் வெளிவந்த ஆய்வு, அவ்வடிவம் வெவ்வேறு கிளைகளிற் பலமுறை தனித்தனியே தோன்றியது என்று காட்டியது. அவ்வாய்வில் ஆராயப்பெற்ற 145 இனங்களுள் 94 இதற்குமுன் பெயரிடப்படாதன என்றும் கண்டனர். விவரிக்கப்பெற்றவை இருநூற்றுக்கு மேற்பட்ட பேரினத்திலேயே இந்நிலை எனின், பிறவற்றைப்பற்றி என் சொல்வது!

சாராயத்தால் யாம் அழித்தது எத்தொகையைச் சார்ந்ததோ! அடுத்த வாரம் அதே குட்டையில் மீண்டும் நீர் எடுத்தோம். ஆறு துளிகளில் ஒன்றுமில்லை. ஏழாவதில் ஒன்று அகப்பட்டது. இம்முறை நண்பர் அழுத்த, யாம் கைப்பேசியால் நுண்பெருக்கியினூடே படம் பிடித்தோம். துடுப்பு வாலும் சற்றே வளைந்த கூர்ங்குழலும் தெரிந்தன. நாளும் இடமும் குறித்து, 'மேக்ரோஸ்டோமம்' என்று எழுதினோம். இனப்பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, புழுவை மீண்டும் குட்டையில் விட்டுவந்தோம்.