கண் சிமிட்டும் பிள்ளையை அடிக்கலாமா? ‘டிக்’ பற்றித் தெரிந்துகொள்வோம்



பாகூர் கொம்யூனில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி முடித்து, கடன் மனுக்களை எடுத்தோம். ஒரு சகோதரி அவசரக் கடனாக 5,000 ரூபாய் கேட்டார். காரணம் கேட்டதும் கண் கலங்கிவிட்டார்.

“என் பையனுக்குப் பத்து வயசு. கண்ண வெட்டி வெட்டி சிமிட்டுறான், தோளக் குலுக்குறான், தொண்டையில ‘ஹ்ம், ஹ்ம்’னு சத்தம் போடுறான். ஸ்கூல்ல கடைசி பெஞ்சுல தனியா உக்கார வெச்சிட்டாங்க. வேணும்னே செய்யிறான்னு அவங்க அப்பா அடிக்கிறாரு. மந்திரிச்சாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. இன்னொரு எடத்துல பூஜை பண்ணா சரியாயிடும்னு சொல்றாங்க” என்றார்.

அன்று நாமும் தவறு செய்தோம். “செல்போன் ரொம்ப பாக்குறானா?” என்றுதான் முதலில் கேட்டோம். நல்லவேளை, ஊக்குநர் அக்கா, “மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்” என்றார். குழு பூஜைக்குக் கடன் கொடுக்கவில்லை. பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் மட்டும் கொடுத்து, ஒரு உறுப்பினரைத் துணைக்கு அனுப்பியது. பையனைப் பார்த்த மருத்துவர், “இது சேட்டை இல்லை, ‘டிக்’ என்ற நரம்புக் கோளாறு” என்று விளக்கினார்.

டிக் என்றால் என்ன?

நினைக்காமலே திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சத்தம்தான் டிக். கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தலையை வெட்டுதல், தொண்டையைக் கனைத்தல் எல்லாம் இதில் சேரும். அசைவும் சத்தமும் இரண்டுமே இருந்து, ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் ‘டூரெட்’ என்று பெயர். 1885-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது.

பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கும். 10 முதல் 12 வயதில் அதிகமாக இருக்கும். வாலிப வயதில் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். ஒரு மாதம் குறையும், அடுத்த மாதம் கூடும். பரீட்சை பயத்தில் கூடும். வில்லியனூர் தேர்த் திருவிழா போன்ற சந்தோஷமான நாளிலும் கூடும்.

இது மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி வேலை செய்யும் விதத்தால் வருவது. பரம்பரையாகவும் வரலாம். வளர்ப்புக் குற்றமோ, செய்வினையோ, கண்ணேறோ இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயும் இல்லை.

“கொஞ்ச நேரம் அடக்குறானே, அப்ப வேணும்னே தானே?”

பல தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. தும்மல் வரும்போது நாமும் கொஞ்சம் அடக்கிப் பார்க்கிறோம். அதற்காகத் தும்மலை வேண்டுமென்றே வரவழைக்கிறோம் என்று சொல்ல முடியுமா? டிக் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு அரிப்பு, ஒரு இறுக்கம் வரும். டிக் வந்து போனதும் அது தணியும். அடித்தாலும் திட்டினாலும் பயம்தான் கூடும். பயம் கூடினால் டிக்கும் கூடும்.

பழக்கப் பயிற்சி

லேசான டிக்குக்கு வைத்தியமே தேவைப்படாது. விளக்கிச் சொன்னாலே போதும். படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால், வலி தந்தால், பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மருந்தை மருத்துவர் மட்டுமே தர வேண்டும். பயிற்சி இரண்டு வகை.

1. மாற்று அசைவு: அரிப்பு வந்ததும், டிக்கைச் செய்யவிடாத வேறொரு அசைவைச் செய்வது. தோள் குலுங்கினால் முழங்கையை விலாவோடு ஒட்டி மெதுவாக அழுத்துவது. தொண்டைச் சத்தம் வந்தால் வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. ஒரு நிமிடமோ, அரிப்பு அடங்கும் வரையோ செய்ய வேண்டும்.

2. தாங்கிப் பழகுதல்: கடிகாரம் வைத்து, டிக் வராமல் எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது என்று விளையாட்டுப்போலப் பார்ப்பது. அரிப்பு அலைபோல் ஏறும், பிறகு இறங்கும். அது தானே இறங்கும் என்று பிள்ளை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது. நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

இணையம் வழியாகவும் வருகிறது

இதைச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் குறைவு. அதனால் இங்கிலாந்தில் 10 பாடங்களாக இணையத்தில் போட்டு, 9 முதல் 17 வயது வரையுள்ள 224 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். பெற்றோருக்கும் தனிப் பாடம் இருந்தது. பயிற்சியாளர் ஒருவர் செய்தி அனுப்பி ஊக்கம் கொடுத்தார். 2021-ல் முடிவு வந்தது. தாங்கிப் பழகியவர்களுக்கு 3 மாதத்தில் டிக்கின் கடுமை 100-க்கு 16 பங்கு குறைந்தது. டிக் பற்றிய விளக்கம் மட்டும் படித்தவர்களுக்கு 6 பங்கு.

சுவீடனில் 221 பிள்ளைகளிடம் இதேபோல் செய்து 2022-ல் வெளியிட்டார்கள். அங்கே விளக்கம் படித்த பிள்ளைகளுக்கும் நன்றாகவே குறைந்தது. ஆனாலும் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 47 பேர், விளக்கம் படித்தவர்களில் 29 பேர்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? டிக்கைப் பற்றி வீட்டில் எல்லோரும் சரியாகத் தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம். மீதிப் பாதி தினசரிப் பயிற்சி. பெரிய நகரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முறையை ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே தொடரலாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

• “செய்யாதே, நிறுத்து” என்று சொல்லாதீர்கள். கண்டுகொள்ளாமல் இருங்கள்.
• டிக் எண்ணிக்கையைப் பார்க்காமல், பிள்ளையின் முயற்சியைப் பாராட்டுங்கள்.
• டிக்கைக் காரணம் காட்டி வீட்டுப்பாடத்தை நிறுத்தாதீர்கள்.
• டிக் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் பல பிள்ளைகளுக்கு டிக் வராது.
• ஆசிரியரிடம் மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கே போவது?

ஜிப்மர் மனநலப் பிரிவு, கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவற்றில் காட்டலாம். வீட்டிலிருந்தே பேச 14416 என்ற இலவச எண் உண்டு. 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. தமிழிலேயே பேசலாம். நினைவு தப்பினாலோ, கை கால் இழுத்து விழுந்தாலோ அது வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தச் சகோதரியின் மகனுக்கு இன்னமும் கண் சிமிட்டல் இருக்கிறது. தோள் குலுக்கல் குறைந்திருக்கிறது. அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது மாலையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவது அவர்தான். பையன் மற்ற பிள்ளைகளோடு முன் பெஞ்சில் உட்காருகிறான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், இதுவரை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டோம்?
2. அந்தத் தாய்க்கு நம் குழு என்ன உதவி செய்யலாம்?
3. பள்ளிக்கு அவரோடு துணைக்குப் போவது யார்?