நம்மூர்க் கடலில் நாமூர்

வடக்குப்பட்டிலிருந்து கடற்கரைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து டீக்கடையில் நிற்கிற கூட்டத்தில் கடலோரத்துப் பிள்ளைகள் உண்டு. ஒரகடம் ஆலைகளில் வேலை கிடைத்து, இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அன்றைக்குச் சொன்னார்: "எங்க ஊர்க் கடல்ல வெள்ளைக்காரன் போர்க்கப்பல் கெடக்கு சார். பிரெஞ்சுக்காரன் சுட்டு முழுக்குனது. உள்ள தங்கம் இருக்காம்."

கப்பல் முழுகியது உண்மை. அதன் பெயர் 'நாமூர்'. சுட்ட கதையும் தங்கக் கதையும்தான் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பிரெஞ்சுக்காரர்கள் சுட்டு மூழ்கடித்தார்கள்.

உண்மை: நாமூர் முழுகியபோது பிரெஞ்சுக்காரர்களோடு சண்டையே இல்லை. 1697-ல் இங்கிலாந்தில் 90 பீரங்கிக் கப்பலாகக் கட்டி, 1745-ல் உயரம் குறைத்து 74 பீரங்கியாக்கிய பழைய கப்பல் அது. 1744-ல் துலோன் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை எதிர்த்து நின்று மூழ்காமல் திரும்பியது. அட்மிரல் போஸ்காவன் அதில் இந்தியா வந்து, 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முடியாமல் அக்டோபரில் விலகினார். அதே மாதம் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 1749 ஏப்ரலில் கப்பல்கள் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம் நங்கூரமிட்டு நின்றன. அங்கே புயல் வந்தது. நாமூரில் ஏறத்தாழ 520 பேர், கூட இருந்த 60 பீரங்கிக் கப்பல் 'பெம்ப்ரோக்'கில் சுமார் 330 பேர் இறந்தார்கள். 'அப்போலோ' என்ற மருத்துவக் கப்பலும் போனது. போஸ்காவன் கரையில் இருந்ததால் பிழைத்தார்.

புயல் கடலோடு நிற்கவில்லை. தஞ்சை மராட்டியரின் தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பியிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கூடாரங்கள் கந்தலாயின. வண்டி மாடுகள் செத்தன.

நம்பிக்கை 2: புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

உண்மை: நாமூரைக் கொன்றது சித்திரைப் புயல். ஆங்கிலேயக் குறிப்புகளில் ஏப்ரல் 13 என்று இருக்கும். 1752 வரை அவர்களுடைய நாட்காட்டி 11 நாள் பின்தங்கியிருந்தது. இன்றைய கணக்கில் அது ஏப்ரல் 24. பட்டியலை நீட்டலாம். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்து ஏறத்தாழ மூன்று வாரமே ஆகியிருந்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொன்னேயின் கப்பல்களைப் புயல் நொறுக்கியது. அது ஐப்பசிக் கணக்கு. 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரி எதிரே அடித்தது மார்கழிப் புயல். 1811 மே 2-ல் சென்னைக்கு எதிரே 'டோவர்' என்ற போர்க்கப்பலை உடைத்தது மறுபடியும் சித்திரை. ஐப்பசிக்குப் பயந்து திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ ஒதுங்கிய ஆங்கிலக் கப்பற்படை, மற்ற மாதங்களில் மாட்டிக்கொண்டது.

நம்பிக்கை 3: துறைமுகத்துக்குள் ஓடி ஒளிந்திருக்கலாம்; மாலுமிகளுக்குச் சாமர்த்தியம் போதாது.

உண்மை: ஓடி ஒளிய இடமே இல்லை. சோழமண்டலக் கரை நேர்கோடாக, மணலாகக் கிடக்கும் கரை. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நிற்கும். ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டி வர வேண்டும். சென்னையில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியதே 1870-களில்தான். அதையும் 1881 புயல் ஒரு கை பார்த்தது.

அப்படி நிற்கிற கப்பலுக்கு ஒரே வழி, காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசும்போதே நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிவிடுவது. புயலின் கண் தலைக்கு மேல் கடந்தால் காற்று திடீரென்று அடங்கும். அடுத்து நேர் எதிர்த் திசையிலிருந்து, கடலிலிருந்து கரையை நோக்கி, முன்னைவிட வெறியாக அடிக்கும். அதற்குள் கரையை விட்டு விலகாதவன் தொலைந்தான்.

1761-ல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியை ஆங்கிலக் கப்பற்படை முற்றுகையிட்டு நின்றபோது நடந்தது இதுதான். வடமேற்குக் காற்று வலுத்ததும் அட்மிரல் ஸ்டீவன்ஸின் 'நார்ஃபோக்' வடத்தை வெட்டிக்கொண்டு கிளம்பியது. மற்றவர்களும் வரட்டும் என்று பீரங்கி வெடித்து அடையாளம் காட்டினார்கள். இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. உத்தரவு இல்லாமல் நகரக்கூடாது என்ற ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு மற்றக் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பிறகு காற்று அடங்கியது. தென்கிழக்கிலிருந்து திரும்பி வந்தது. மூன்று கப்பல்கள் கவிழ்ந்தன. மூன்று கப்பல்கள் அரியாங்குப்பம் பக்கம் கரை தட்டின. தோற்றது சாமர்த்தியம் அல்ல. உத்தரவுக்குக் காத்திருந்த நேரம்.

நம்பிக்கை 4: 1761 புயலில் செத்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், புதுச்சேரிக்கு அது நல்ல காலம்.

உண்மை: கவிழ்ந்த மூன்று கப்பல்களில் சுமார் 1,100 ஐரோப்பியர்கள் போனார்கள். உடைந்த மரத்தைப் பிடித்துத் தப்பியவர்கள் 14 பேர்: 7 ஐரோப்பியர், 7 லஸ்கர்கள். லஸ்கர் என்றால் கூலிக்குக் கப்பலேறிய இந்திய மாலுமி. பிழைத்தவர்களில் பாதிப்பேர் லஸ்கர்கள் என்றால் செத்தவர்களிலும் எத்தனையோ பேர் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களை யாரும் தனியாக எண்ணிவைக்கவில்லை.

புதுச்சேரிக்குள் பட்டினியில் கிடந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலக் கப்பற்படை ஒழிந்தது என்று நம்பி, அரிசி அனுப்பச் சொல்லிப் பழவேற்காட்டுக்கு எழுதினார். ஒரு வாரத்துக்குள் மிஞ்சிய கப்பல்கள் மறுபடி வந்து வழியை அடைத்தன. ஜனவரி 16-ல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

நம்பிக்கை 5: கப்பல் முழுசாக மணலுக்குள் இருக்கிறது, உள்ளே தங்கம்.

உண்மை: போர்க்கப்பல் சுமப்பது இரும்புப் பீரங்கி, வெடிமருந்து, குடிதண்ணீர்ப் பீப்பாய், உப்பிட்ட இறைச்சி. வெள்ளியும் வணிகச் சரக்கும் பெரும்பாலும் கம்பெனியின் வியாபாரக் கப்பல்களில் போகும். 1761-ல் கரை தட்டிய கப்பல்களின் பீரங்கிகளையும் தளவாடங்களையும் பெரும்பாலும் அப்போதே இறக்கிவிட்டார்கள்.

ஸ்வீடனில் 1628-ல் முழுகிய 'வாசா' 1961-ல் முழுக் கப்பலாக மேலே வந்ததே என்று கேட்பீர்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே வாழாது. நம் கடல் சூடும் உப்பும் நிறைந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரத்தைப் புழு சல்லடையாக்கிவிடும். சேற்றில் புதைந்த அடிப்பாகமும், துருவும் சிப்பியும் சுண்ணாம்பும் ஏறிப் பாறைபோல் ஆகிவிட்ட இரும்பும்தான் மிஞ்சும். வலையில் சிக்கினால் அதைக் கல் என்றுதான் நினைப்பீர்கள்.

கடல் இல்லாத வடக்குப்பட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இந்த ஊரில் குழி போட்டபோது கற்கருவிகளோடு ரோமானியச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. அந்தச் சாடி கப்பலில்தான் வந்திருக்கும். அது பத்திரமாக வந்து சேர்ந்த கப்பல். அதனால்தான் அதற்குக் கதை இல்லை.

அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். வலையில் வந்தாலும் ஏர்முனையில் பட்டாலும் பழைய பொருளை உடைத்துப் பார்க்காதீர்கள். பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். மண்ணில் புதைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னாலே விஷயம் மேலே போகும். துருப்பிடித்த அந்த இரும்பை எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும். கணக்கில் எழுதாமல் விட்ட லஸ்கர்களுக்கு அதைவிட்டால் வேறு சாட்சி இல்லை.