உனோ போர்டு செத்துப்போச்சா? ஸ்கிராப்ல போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

எம்பெடட் லேப்ல அடிக்கடி கேட்கிற வசனம் இது: "சார், இந்த போர்டு கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது." அடுத்த நிமிஷமே அந்த போர்டு ஓரத்துல இருக்கிற அட்டைப்பெட்டிக்குப் போயிடும். ரிவ்யூ நாளைக்குன்னா, புது போர்டு வாங்க பஸ் ஏறணும். ஆனா கெட்டுப்போனது ஃபர்ம்வேர் மட்டும்னா, ஒரு சின்ன ஒயர் துண்டை வெச்சே அந்த போர்டைத் திரும்ப எழுப்பிடலாம். அர்டுயினோ உனோ ஆர்3 போர்டை வெச்சு அதை இந்த இதழில் பார்ப்போம்.

ஒரு போர்டு, இரண்டு மைக்ரோகன்ட்ரோலர்

நாம புரோகிராம் எழுதுறது ஏடிமெகா328பி சிப்புக்கு. ஆனா அதுக்கு யுஎஸ்பி தெரியாது. கம்ப்யூட்டரோட பேசுறது யுஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் இருக்கும் சின்ன சதுரச் சிப்பான ஏடிமெகா16யு2. இதுவும் ஒரு முழு மைக்ரோகன்ட்ரோலர்தான். யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் ஃபர்ம்வேர் இதுக்குள்ள ஓடுது.

உனோவை கீபோர்டாகவோ மிடி கருவியாகவோ மாத்த நினைக்கிறவங்க கை வைக்கிறது இந்தச் சிப்புலதான். நடுவுல கேபிள் கழன்றாலோ, தப்பான ஹெக்ஸ் ஃபைல் ஏறினாலோ, கம்ப்யூட்டருக்கு போர்டு தெரியாம போயிடும்.

இதுல நல்ல செய்தி என்னன்னா, 16யு2-வில் மொத்தம் 16 கேபி ஃபிளாஷ் இருக்கு. அதில் 4 கேபி டிஎஃப்யூ பூட்லோடருக்குத் தனியா ஒதுக்கப்பட்டது. யுஎஸ்பி வழியாக அப்டேட் செய்யும்போது மீதி 12 கேபிதான் அழிந்து மாறுது. அதனால அப்டேட் பாதியில் நின்றாலும் பூட்லோடர் பத்திரமா இருக்கும்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க

1. போர்டுக்கு கரன்ட் கொடுங்க. ஏற்கனவே ஏத்தி வெச்ச பிளிங்க் புரோகிராம் ஓடுதா? ஓடினா 328 உயிரோடதான் இருக்கு.
2. வேற கேபிளை மாத்திப் பாருங்க. சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் பண்ணும், டேட்டா போகாது.
3. காம் போர்ட் தெரியுது, ஆனா அப்லோட் ஆகலையா? ரீசெட் பின்னை கிரவுண்டோட ஒயரால் இணைங்க. 0, 1 பின்களையும் ஒன்றோடொன்று இணைங்க. சீரியல் மானிட்டரில் டைப் பண்ணினது அப்படியே திரும்பி வந்தா 16யு2 நல்லா இருக்கு. கோளாறை 328 பக்கம் தேடுங்க.
4. காம் போர்ட்டே வரலைன்னா, கீழே இருக்கிறது உங்களுக்குத்தான்.

ஒயர் வைத்தியம்

யுஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் 6 பின் கொண்ட ஒரு ஹெடர் இருக்கும். போர்டின் மறுமுனையில் இருக்கிறது 328-க்கான ஹெடர்; அதோட இதைக் குழப்பிக்காதீங்க. கேபிள் மாட்டியபடியே, சாக்கெட்டுக்கு மிக அருகில் உள்ள இரண்டு பின்களை ஒரு நொடி ஒயரால் தொட்டு எடுங்க. அவை 16யு2-வின் ரீசெட்டும் கிரவுண்டும். ஆர்3-இல் இப்படி வெளியிலிருந்து ரீசெட் கொடுத்தால், சிப் வழக்கமான ஃபர்ம்வேருக்குப் போகாமல் நேரா பூட்லோடருக்குப் போகும். கம்ப்யூட்டரில் இப்போ புதுசா ஒரு டிஎஃப்யூ கருவி தெரியும்.

லினக்ஸ்னா டிஎஃப்யூ-புரோகிராமர், விண்டோஸ்னா ஃபிளிப். முதலில் அழிக்கணும், அப்புறம் ஹெக்ஸ் ஃபைலை ஏத்தணும். சரியான ஃபைல் அர்டுயினோ ஐடிஇ 1.8-இன் ஃபோல்டருக்குள்ளேயே, ஃபர்ம்வேர்ஸ் என்ற பகுதியில் இருக்கு. 'உனோ ரெவ்3' என்று பெயரில் இருக்கிறதை எடுங்க. 'கம்பைண்ட்' என்று இருந்தால் அதை இப்போ தொடாதீங்க, அதில் பூட்லோடரும் சேர்ந்திருக்கு. முடிந்ததும் கேபிளைக் கழற்றி மாட்டுங்க. காம் போர்ட் திரும்ப வந்துடும்.

டிஎஃப்யூவும் வரலையா?

அப்போ பூட்லோடரே அழிஞ்சிருக்கலாம். நண்பரோட உனோவை ஒரு நாள் கடன் வாங்குங்க. அதில் 'அர்டுயினோ ஐஎஸ்பி' எடுத்துக்காட்டு ஸ்கெட்சை ஏத்துங்க. அதன் 10, 11, 12, 13 பின்களை வரிசையாக, கெட்ட போர்டின் அதே 6 பின் ஹெடரில் ரீசெட், மோசி, மிசோ, எஸ்சிகே பின்களோட இணைங்க. 5 வோல்ட், கிரவுண்டும் சேர்க்கணும். இந்த வழியில் சிப்பை அழித்தால் பூட்லோடரும் போயிடும். அதனால இந்த இடத்தில்தான் 'கம்பைண்ட்' ஃபைல் வேணும். ஏவிஆர்டியூட் அதை ஏத்திடும். ஃபியூஸ் மதிப்புகளை மட்டும் அனாவசியமா மாத்தாதீங்க.

ரிவ்யூவுக்கு நேரமே இல்லைன்னா 16யு2-வை விட்டுடுங்க. ஒரு 5 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் மாட்யூலை 0, 1 பின்களில் டிஎக்ஸ்-ஆர்எக்ஸ் மாத்தி இணைத்து, கிரவுண்டையும் சேர்த்து, அப்லோட் தொடங்கும்போது ரீசெட் பட்டனைத் தட்டினா 328-க்கு நேராகவே புரோகிராம் ஏறும்.

ஒரு எச்சரிக்கை: விலை குறைவான நிறைய போர்டுகளில் 16யு2-க்குப் பதில் சிஎச்340 சிப் இருக்கும். அதுக்கு மேலே சொன்ன வைத்தியம் பொருந்தாது. டிரைவரும் கேபிளும் சரியா இருக்கான்னு பாருங்க. சிப் மேல உள்ள எழுத்தைப் படிச்சிட்டு ஆரம்பிங்க.

மத்த போர்டுகளுக்கும் இதே வழிதான்: கெட்ட அடுக்குக்குக் கீழே எந்த அடுக்கு நல்லா இருக்குன்னு தேடணும். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் பூட்செல் பட்டனை அழுத்திக்கிட்டே கேபிள் மாட்டினா, யாராலும் அழிக்க முடியாத ரோம் பூட்லோடர் எழும். ஈஎஸ்பி32-இல் ஜிபிஐஓ 0-வை கிரவுண்டோட இணைத்து ரீசெட் கொடுத்தா அதே கதை.

அடுத்த லேப் வகுப்பில் அந்த அட்டைப்பெட்டியை சார்கிட்ட கேட்டு வாங்கிப் பாருங்க. எழுந்த போர்டுகளில் தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் திரும்ப வெச்சிடுங்க. ஜூனியர்களுக்கு உதவும்.